நூல் முனை

மேசை விசிறி முழுக்க மகள் பக்கம் திரும்பியிருக்கிறது. காற்று பட்டால் தையற்காரியின் கண்ணில் மணலைக் கொட்டியதுபோல் உறுத்தும். தன் ஈரத்தைத் தானே பகையாக நினைத்து உடம்பு அழித்துக்கொள்ளும் நோய் அது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மெஷின் மேல் கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து, காலடியில் தண்ணீர் பாட்டில், ஜன்னலுக்கு வெளியே காலையிலிருந்து விடாத மழை. நூல் அறுகிறது. பழக்க தோஷத்தில் முனையை வாயில் வைக்கிறாள். காய்ந்த தோல்போல் கிடக்கும் நாக்கிலிருந்து நூல் பிசிர் பிசிராகவே திரும்பி வருகிறது. “நீயே கோத்துக் குடுடி. வாய் ஓயாம பேசுறவளுக்கு எச்சிலுக்கு என்ன பஞ்சம்?” பட்டன் தைத்துக்கொண்டிருக்கும் மகள் எழுந்து வந்து, நூலை வாங்கி, உதட்டருகே கொண்டுபோய் நிறுத்துகிறாள். பிறகு குனிந்து அம்மாவின் பாட்டிலை எடுத்து, ஒரு வாய்த் தண்ணீரை விழுங்காமல் வைத்திருந்து, அதில் முனையை நனைத்துக்கொள்கிறாள். நோய் தொடங்கிய புதிதில் தையற்காரியும் இப்படித்தான் வீட்டாரிடம் மறைத்தாள். “தாகமா?” மகள் தண்ணீரை விழுங்குகிறாள். “சும்மாதாம்மா.” நூல் ஒரே தடவையில் ஊசிக்குள் நுழைந்துவிடுகிறது. தையற்காரி மெஷினை மிதிக்கவில்லை. கையை நீட்டி விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்புகிறாள். ஏன் என்று மகள் கேட்கவில்லை.