உரிமையாளரின் சம்மதம்

கருவாட்டுக் கடையை நெருங்கியதும் நாய் தங்கவேலுவின் கையிலிருந்து கயிற்றை உருவிக்கொண்டு பாய்ந்தது. கடைக்காரி தமிழரசியின் முழங்காலில் முகத்தைப் போட்டுத் தேய்த்தது.

"கடையில இருக்குற வாசம் அப்பிடி. எல்லா நாயும் எங்கிட்ட இப்பிடித்தாண்ணே," என்றாள்.

தங்கவேலுவும் நம்பினார். கயிற்றை மறுபடி பிடித்துக்கொண்டார்.

பர்மாவின் தின்கன்ஜூன் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, ஞாயிறுதோறும் தன் கடை வாசலில் அவள் ஒரு மேசை போடுவாள். காணாமல்போன பிராணிகளின் தோலுக்கடியில் உரிமையாளரின் பதிவு எண் கொண்ட சிப் இருக்கிறதா என்று கருவியால் பார்த்து, சொந்தக்காரர்களிடம் சேர்ப்பாள். ஒரே வருடத்தில் நாற்பத்தொரு பிராணிகள் வீடு போய்ச் சேர்ந்திருக்கின்றன. வியாபாரத்தை விட்டுவிட்டு உனக்கேன் இந்த வேலை என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவாள்.

போன மழைக்காலத்துக்கும் முந்தைய மழையில், நடுத்தெருவில் நடுங்கிக்கொண்டு நின்ற இந்த நாயைத் தங்கவேலு தன் டாக்சியில் ஏற்றிக்கொண்டு போனார். அன்றிலிருந்து மனசு குடைந்துகொண்டே இருந்தது. யாரோ தேடிக்கொண்டிருப்பார்களே!

அதே மனசு, சிப் எதுவும் இருக்கக்கூடாது என்றும் வேண்டிக்கொண்டது. பட்டாளத்தில் பிடித்துப் போட்டுவிடுவார்கள் என்று பயந்து மகன் தாய்லாந்துக்குப் போனதிலிருந்து மனைவி செல்லக்கண்ணு படுத்த படுக்கையாகக் கிடந்தாள். இந்த நாய்க்குச் சோறு வைக்கத்தான் எழுந்தாள். இதை நடத்திக்கொண்டு போகத்தான் மறுபடி தெருவில் இறங்கினாள்.

"இது போயிட்டா அவ திரும்பவும் படுத்துருவா, தங்கச்சி."

மற்ற நாய்களுக்குக் கழுத்திலிருந்து முதுகுவரை தேடுகிற தமிழரசி, கருவியை நேரே இடது தோள்பட்டைக்குக் கீழே கொண்டுபோனாள். உடனே சத்தம் வந்தது. என்ன கைராசி என்று தங்கவேலு நொந்துகொண்டார்.

கருவியில் தெரிந்த எண்ணைக் கைப்பேசியில் தட்டினாள். 'டோ கின் சண்டா' என்று பெயர் வந்தது.

யாரோ பர்மாக்காரம்மா. முன்பின் தெரியாதவளிடம் எப்படிக் கெஞ்சுவது?

"இருங்க, நான் பேசிட்டு வர்றேன்," என்று தமிழரசி கடைக்குள் போனாள்.

வர ஐந்து நிமிடம் ஆனது. முகம் கழுவியிருந்தாள்.

"உங்ககிட்டயே இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க."

தங்கவேலு அழுதேவிட்டார். அவள் நீட்டிய படிவத்தில், அடையாள அட்டையில் உள்ளபடி 'ஊ தின் மவுங்' என்று கையெழுத்துப் போட்டார். வீட்டில் கூப்பிட ஒரு தமிழ்ப் பெயர், அட்டையில் ஒரு பர்மியப் பெயர் என்று இந்த ஊர்த் தமிழர்களுக்கு அது பழகிப்போன ஒன்று. தமிழரசியும் கையெழுத்திட்டு, நகலை நாலாக மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தாள். நாயின் தலையில் ஒருமுறை கைவைத்துவிட்டு, அடுத்து நின்ற பூனைக்காரரைக் கூப்பிட்டாள்.

முதல் சிக்னலில் வண்டி நின்றபோதுதான் தங்கவேலு காகிதத்தைப் பிரித்தார்.

பெற்றுக்கொண்டவர்: ஊ தின் மவுங்.

உரிமையாளர்: டோ கின் சண்டா.

சோதித்தவர்: டோ கின் சண்டா.

பின்னாலிருந்த வண்டிகள் ஹார்ன் அடித்தன. அவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, மனைவிக்குப் போன் போட்டார்.

"செல்லம், நாய் நம்மகூடத்தான் இருக்கப்போவுது. ஒண்ணு மட்டும் செய்யி. நாளையிலேருந்து காலையில அதைக் கருவாட்டுக் கடைப் பக்கமா நடத்திக்கிட்டுப் போ."