தலையாட்டியின் சாட்சி

காலை பத்து மணிக்குள் ஜெசிந்தாவின் கண்கள் நான்கு முறை கணினித் திரையை விட்டு விலகிவிட்டன. ஐந்தாவது முறை விலகினால் வேலை போய்விடும். கணக்கு வைத்திருந்தது திரைமேல் உட்கார்ந்திருந்த கேமரா. மேசை ஓரத்தில் ஒரு தலையாட்டி பொம்மை இருந்தது. நான்கு முறையும் அவள் பார்த்தது அதைத்தான்.

“டேய் குண்டா, இப்போ மறுபடியும் அவ கண்ணு அந்தப் பக்கம் வந்துச்சே. உன்னைத்தானே பார்த்தா?” என்றது கேமரா.

“சத்தியமா இல்லண்ணே! திரை ஓரத்தைத்தான் பார்த்தா” என்று பொம்மை பதறியது.

அந்த நேரம் பார்த்து மேசை மின்விசிறி அதன் பக்கம் திரும்பியது. பொம்மையின் தலை ஆமாம், ஆமாம் என்று ஆடியது. நிறுத்தப் பார்த்தது, முடியவில்லை.

“வாய்ப்பேச்சை நான் மேலிடத்துக்கு அனுப்புறதில்லடா. படம் மட்டும்தான்” என்றது கேமரா.

மறுநாள், ஜூன் இரண்டாம் தேதி, ஜெசிந்தாவின் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்தாள்.