மூணு டன்னுக்கான அயோடின்

மரக்காணத்து உப்பு ஆலையில் கலவை மெஷின் ஓட்டும் சரண்யா, சூப்பர்வைசர் புருஷோத்தமனிடம் வந்து நின்றாள்.

"சார், உப்பு அஞ்சு டன் இருக்குது. அயோடின் மூணு டன்னுக்குத்தான் வரும்."

"அஞ்சையும் கொட்டி ஓட்டும்மா."

"உப்பைக் கூட்டினா அயோடினும் கூடிடாதுங்க சார். எல்லாப் பாக்கெட்லயும் கொறைஞ்சிடும்."

"நாக்குல வெச்சா தெரியவா போவுது? சொன்னதைச் செய்."

"சரிங்க சார்" என்று போய்விட்டாள்.

சாயங்காலம் லாரிக்குத் தார்ப்பாய் கட்டி முடித்த நேரத்தில் புருஷோத்தமனே அவளைத் தேடி வந்தார்.

"ஏம்மா, வீட்டுக்கு ரெண்டு பாக்கெட் வேணும். பொண்ணு மாசமா இருக்கா. அயோடின் உப்புதான் போடணும்னு டாக்டரம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க. முதல்ல ஓட்டுனதுல நல்லதா பாத்து எடு."

"எல்லாம் ஒரே கலவைதான் சார். இதுல நல்லது தனியா ஏது?"

அவர் முகம் செத்துப்போனது. "அப்போ... அஞ்சையும் ஓட்டிட்டியா?"

சரண்யா இரண்டு பாக்கெட்டை அவர் கையில் வைத்தாள்.

"தைரியமா எடுத்துட்டுப் போங்க. மூணு டன்னோட நிறுத்திட்டேன். மீதி ரெண்டு டன் அப்படியே கெடக்குது. இப்ப ஓட்டட்டுமா சார்?"