பதினோரு ஏக்கர் புல்

அதட்டல் தொண்டைவரை வந்துவிட்டது.

துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பழைய கிணற்று மேட்டுக்கு அந்தப் பக்கம், இடுப்பளவுப் புல்லில், ஒரு வெளிமான் நின்றது. பெட்டை. காது மட்டும் திரும்பித் திரும்பி அசைந்தது.

விடிந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது.

இருபத்தாறு வருஷம் இதே நிலத்தில் உளுந்தும் கம்பும் போட்டவர். மான் என்றால் அவருக்குத் தகர டப்பாவும் கவணும் வாய் நிறைய வசவும்தான்.

வடக்கே இருந்த மேய்ச்சல் காட்டை இரண்டாகக் கிழித்துக்கொண்டு நாலுவழிச் சாலை போனது. அதற்கு ஈடாக மான்களுக்கு வேறு இடம் கொடுத்தாக வேண்டும் என்று உத்தரவாயிற்று. சாலைக்காரர்கள் நிலம் கேட்டு வந்தார்கள். ஊர் சிரித்தது. இவர் தன் பதினோரு ஏக்கரையும் கொடுத்தார். காவலுக்கும் இவரையே வைத்துக்கொண்டார்கள்.

ஏன் கொடுத்தார் என்று மனைவிக்கே தெரியாது.

சாலை திறந்த முதல் வாரம், நடுவில் அடிபட்டுக் கிடந்த ஒரு மானைத் தனியாளாக ஓரத்துக்கு இழுத்துப் போட்டிருந்தார். அவர் இழுத்தபோது அதன் உடம்பு இன்னும் சூடாக இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

வரப்புகளை வெட்டிச் சமன்படுத்தினார். முள்வேலியைச் சுருட்டினார். கிணற்றுக்குக் கம்பிவலை போட்டார். ஆயுசெல்லாம் களையென்று பிடுங்கி எறிந்த கொழுக்கட்டைப்புல்லின் விதையை ஊர் ஊராகத் தேடிக் கொண்டுவந்து, மழைக்கு முந்தித் தூவினார்.

புல் வந்தது. முயல் வந்தது. கௌதாரி வந்தது.

மான் வரவில்லை.

மூன்று வருஷம்.

மாதம் ஒருமுறை வனத்துறையிலிருந்து மான் தடம் பார்க்க வரும் பிளெஸ்ஸி என்ற பெண், போன முறை தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். இந்த மழைக்கும் வரவில்லையென்றால் மேலே இருப்பவர்கள் வேறு இடம் பார்ப்பார்களாம். இங்கே புல்லை வழிக்க மண்வாரி இயந்திரம் வந்துவிடுமாம்.

டீக்கடையில் ஒருவரும் அவரை நலம் விசாரிப்பதில்லை. மான் சௌக்கியமா என்றுதான் கேட்பார்கள்.

இப்போது அது குனிந்து புல்லைக் கடித்தது. கடிக்கிற சத்தம் அவருக்குக் கேட்டது.

அதன் பின்னால் இன்னொரு இடத்தில் புல் அசைந்தது.

குட்டி.

நின்ற இடத்திலேயே பனி ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார். பிளெஸ்ஸிக்குச் சொல்ல வேண்டும். பையில் போன் இருந்தது. கை போகவில்லை.

தாய்மான் கொஞ்ச நேரம் மேய்ந்தது. பிறகு தலையைத் தூக்கி மோப்பம் பிடித்தது. குட்டியைக் கூட்டிக்கொண்டு, வேலி இருந்த இடத்தைத் தாண்டி, நிதானமாக அடுத்த வயலுக்குள் இறங்கியது.

அது அவருடைய மைத்துனன் கொம்பையாவின் வயல். உளுந்து காய் பிடித்திருந்தது.

புல்லைவிட உளுந்து ருசி என்று அவருக்குத் தெரியாதா என்ன.

கொம்பையா வரப்பில்தான் நின்றிருந்தான். கையில் கல் இருந்தது. ஓங்கவும் செய்தான். ஓங்கிய கையோடு இந்தப் பக்கம் திரும்பினான். புல்லுக்குள் உட்கார்ந்திருந்தவரை அப்போதுதான் பார்த்தான்.

"அத்தான், ஒங்க மானு என் உளுந்துல நிக்கு. வந்து கூட்டிட்டுப் போங்க."

ஒங்க மானு.

அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"இன்னா வாரேன் மாப்ள. குட்டிக்காரி, வையாத."

வயலைச் சுற்றிக்கொண்டு அந்தக் கோடிக்குப் போனார். போன பிறகுதான், தனக்கு மானை விரட்ட மட்டுமே தெரியும் என்பது உறைத்தது. ஆட்டைக் கூப்பிடுவதுபோல நாக்கைச் சொடுக்கிப் பார்த்தார்.

மான் நிமிர்ந்து அவரைப் பார்த்தது. மென்றுகொண்டே நின்றது.

கொம்பையா சிரித்துவிட்டான்.

அந்தக் கல்லை அவன் எப்போது கீழே போட்டான் என்று இவர் கவனிக்கவில்லை.