ட்யூப் ஆறட்டும்

“ட்யூப் சூடாயிடுச்சு ஐயா. இன்னொரு படம் எடுக்கணும், பத்து நிமிஷம் ஆறணும். வெளியில பெஞ்சுல உக்காருங்க, கூப்பிடறேன்” என்றாள் எக்ஸ்ரே எடுக்கிற பெண்.

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த பெரியவரின் கை அப்படியே நின்றது.

வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்திருப்பார்கள். போயும் போயும் இவரிடமா! முப்பது வருஷம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து எக்ஸ்ரே மெஷின்களைப் பழுது பார்த்தவர். வெந்துபோன ட்யூபைக் கழற்றிப் புதுசு மாட்டியவர். உள்ளே பாய்கிற மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்குதான் படத்துக்கு, மிச்சமெல்லாம் வெறும் சூடு என்பதைக் கரைத்துக் குடித்தவர்.

வரிசையாக நாற்பது பேரை நிற்க வைத்து விடாமல் எடுத்தால் சூடாகும், ஆற விடத்தான் வேண்டும். ஒரே ஒரு நெஞ்சுப் படத்துக்கு அது வெதுவெதுப்பாகக்கூட ஆகாது. அதுவும் இன்று மத்தியானம் இவரைத் தவிர அங்கே ஒரு ஈ காக்கா இல்லை.

ஆக, பொய். எதற்குச் சொல்கிற பொய் என்பதும் அவருக்குத் தெரியும். படத்தில் ஏதாவது தப்பாகத் தெரிந்தால் இவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். மெஷின் மேல் பழியைப் போட்டு, நோயாளியை உட்கார வைத்துவிட்டு டாக்டருக்குப் போன் போடுவார்கள். எத்தனை ஆஸ்பத்திரியில், எத்தனை பேர் வாயால் இதைக் கேட்டிருக்கிறார்!

“கூட யாராவது வந்திருக்காங்களா ஐயா?” என்று கேட்டாள் அவள்.

“இல்லம்மா. தனியாத்தான் வந்தேன்.”

“வீட்டுல யாரும் காத்துட்டிருக்க மாட்டாங்களே?”

“யாரும் இல்லம்மா.”

“அப்ப சரி” என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

கூட யார் வந்திருக்கிறார்கள் என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் மனைவிக்குப் படம் எடுத்தபோதும் இப்படித்தான் கேட்டார்கள். அன்றைக்கு “நான் இருக்கேன்” என்று எழுந்து போனவர் அவர். இன்றைக்கு எழுந்து வர யார் இருக்கிறார்கள்?

பெஞ்சு சில்லென்றிருந்தது. இரண்டு மாதமாக விடாத இருமல் இப்போதும் வந்து தொண்டையைப் பிடித்தது. வெளியூரில் இருக்கிற மகனுக்குச் சொல்லியாக வேண்டும். போனை எடுத்துப் பார்த்தார். கடைசியாக அவனோடு பேசியது போன ஞாயிற்றுக்கிழமை, நான்கு நிமிஷம்.

இதை நான்கு நிமிஷத்தில் எப்படிச் சொல்வது? “தம்பி, பயப்படாதே, ஒண்ணும் பெரிசா இல்ல...” என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். பாதிக்கு மேல் வரவில்லை. போனைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார்.

சாவுக்குக்கூட அவர் அவ்வளவு பயப்படவில்லை. வீட்டுக்குப் போய்ப் பூட்டைத் திறந்து, இந்தச் சேதியை வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாக உட்கார வேண்டுமே, அதற்குத்தான் பயந்தார். யாரிடம் சொல்லி அழுவது, சுவரிடமா?

எழுந்து கதவில் இருந்த சின்னக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். அவள் மூலையில் கிடந்த இன்னொரு நாற்காலியை இழுத்தாள். அதன் மேல் குவிந்திருந்த பழைய எக்ஸ்ரே கவர்களை எடுத்துக் கீழே வைத்தாள். துணியால் தூசி தட்டினாள்.

டாக்டர் வந்து உட்காரத்தான் என்று நினைத்துக்கொண்டார். நின்றபடி சொல்லிவிட்டுப் போகிற சேதி இல்லை போலிருக்கிறது.

பத்து நிமிஷம் பத்து வருஷமாகப் போனது. கதவு திறந்தது.

“உள்ள வாங்க ஐயா. இப்படி உக்காருங்க.”

தூசி தட்டிய நாற்காலியைத்தான் காட்டினாள். டாக்டரைக் காணோம். பெரியவர் உட்காரவில்லை.

“சுத்தி வளைக்காம சொல்லிடும்மா. படத்துல என்ன இருக்கு?”

“படத்துலயா? ஒண்ணும் இல்லையே! டாக்டர் மாடியில கம்ப்யூட்டர்லயே பார்த்துட்டார். வெறும் சளிதானாம். மருந்து எழுதியாச்சு.”

பெரியவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

“அப்புறம் எதுக்கும்மா ட்யூப் சூடுன்னு புளுகினே? முப்பது வருஷம் அதை மாட்டிப் பொழைச்சவன் நான். ஒரு படத்துக்கு எவனாவது ஆற வைப்பானா? பெஞ்சுல உக்காந்து செத்தே போயிட்டேன்!”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. மேஜை மேல் கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்த தட்டை மெல்ல முன்னால் நகர்த்தினாள். இரண்டு கப் டீ, ஆவி பறக்க இருந்தது.

“மன்னிச்சிடுங்க ஐயா. கெட்டில் பழசு, தண்ணி கொதிக்கவே பத்து நிமிஷம் ஆகும். அதுக்குத்தான் அப்படிச் சொன்னேன். என்கூட வேலை பார்த்த பொண்ணு மாற்றலாகிப் போய் எட்டு மாசம் ஆச்சு. காலையில இருந்து ‘மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க’ன்னு சொன்னதோட சரி, வேற ஒரு வார்த்தை யார்கிட்டயும் பேசல. டீ குடிக்க வாங்கன்னு நேரா கூப்பிட்டா, வேலை இருக்குன்னு போயிடுவீங்களோன்னு நினைச்சேன்.”

பெரியவர் அந்த நாற்காலியை மேஜைக்குப் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கப்பைக் கையில் எடுத்தார்.

“பத்து நிமிஷமெல்லாம் போதாதும்மா. இந்த ட்யூப் ஆற ஒரு மணி நேரமாவது ஆகும்.”