மூன்றாவது ஆமென்

ஜெபம் முடிந்தது. இரண்டு ஆமென்தான் கேட்டது.

ஒன்று அவனுடையது. இன்னொன்று மனைவி கிளாடிஸுடையது.

அவன் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தான். மகள் ஷெர்லின் அதற்குள் எழுந்து பாயின் ஒரு முனையைச் சுருட்டத் தொடங்கியிருந்தாள்.

நான்கு நாளாக இப்படித்தான்.

ஷெர்லினின் ஆமென் லேசுப்பட்ட ஆமென் இல்லை. மூன்று வயதிலிருந்தே தெருமுனைப் பெட்டிக்கடை வரைக்கும் கேட்கும். சோற்றுப்பானை திறக்கப் போகிறது என்ற சந்தோஷம் அதில் பாதி. போகட்டும், மீதிப் பாதி பக்திதானே.

தப்பு அவன்மேல்தான்.

செவ்வாய்க்கிழமை கணக்குப் பரீட்சைத் தாளை அவனிடம் மட்டும் காட்டினாள். முப்பத்தொன்று. நூற்றுக்குத்தான். அம்மாவுக்குக்கூடத் தெரியக் கூடாது, சத்தியம் பண்ணுங்க என்றாள். சத்தியம் பண்ணுவது வேதத்துக்கு ஆகாது, அப்பா வார்த்தை போதும் என்று சொல்லி வார்த்தை கொடுத்தான்.

மறுநாள் வீட்டில் ஜெபக்கூட்டம். சபையார் இருபது பேர்.

அவன் ஜெபிக்க ஆரம்பித்தால் மடை திறந்த மாதிரிதான். அன்றைக்கும் திறந்தது. கணக்கில் முப்பத்தொன்று வாங்கி வாடி நிற்கும் எங்கள் பிள்ளைக்கு ஞானத்தைத் தாரும் என்று கண்ணீரோடு கேட்டான்.

இருபது பேரும் உருகி ஆமென் சொன்னார்கள்.

அடுத்த நாள் பள்ளிப் பேருந்து ஓட்டுநர்கூட அவளுக்காக ஜெபிப்பதாகச் சொன்னாராம்.

மனுஷரிடமா சொன்னேன், ஆண்டவரிடம்தானே சொன்னேன் என்று இரண்டு நாள் தனக்குள்ளேயே வழக்காடினான். மூன்றாம் நாள் வழக்கு தோற்றது.

விடிந்தால் திருவிருந்து ஆராதனை. பிள்ளையின் மனதைப் புண்ணாக்கிவிட்டு அந்த அப்பத்துக்குக் கை நீட்ட அவனால் ஆகாது. அதைவிட, உள்ளதைச் சொன்னால், அந்த ஒரு ஆமென் இல்லாமல் வீடு வீடாகவே இல்லை.

இன்னும் முடியலை, இருங்க என்றான்.

கிளாடிஸ் அடுப்படியைப் பார்த்தாள். மீன்குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. மறுபடி முழங்காலிட்டாள். மகளும்தான்.

அவன் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

இரக்கமுள்ள பிதாவே என்று தொடங்கினான். பிள்ளை நம்பிச் சொன்னதை அடியேன் காக்கத் தவறினேன், உம்முடைய சமுகத்தில் என்னைத் தாழ்த்துகிறேன் என்றான்.

நன்றாகத்தான் வந்தது. குரல்கூடத் தழுதழுத்தது.

முழங்கையில் ஒரு விரல் இடித்தது.

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் கிளாடிஸ் ஒரு ஜெபத்தின் நடுவில் வாய் திறந்ததில்லை.

"அவருக்குக் கேட்டாச்சு. அவகிட்ட சொல்லுங்க."

கண்ணைத் திறந்தான்.

மேலே பார்த்துப் பேசிப் பழகின வாய். பக்கத்தில் இருக்கிற பிள்ளையைப் பார்த்துப் பேச ஒரு சொல் அகப்படவில்லை. முழங்காலிலேயே நகர்ந்து அவள் பக்கம் திரும்பினான். பாய் கூடவே இழுபட்டது.

"அப்பா செஞ்சது தப்பு, மக்களே."

அவ்வளவுதான் வந்தது. அடியேனும் இல்லை, தழுதழுப்பும் இல்லை.

ஷெர்லின் அவனையே பார்த்தாள். அப்படியே அவன் அம்மாவின் பார்வை.

பிறகு அவள் கண்ணை மூடினாள். கை கூப்பினாள்.

"ஆண்டவரே, நாப்பத்தஞ்சு வயசாகியும் ஒரு ரகசியம் காக்கத் தெரியாத எங்க அப்பாவுக்கு ஞானத்தைத் தாரும்."

கிளாடிஸின் தோள் குலுங்கியது. அழுகை இல்லை அது.

மகள் கண்ணைத் திறக்கவில்லை. கூப்பிய கையோடு காத்திருந்தாள்.

யாருக்காகக் காத்திருக்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. உள்ளதைச் சொல்லித்தானே ஜெபித்திருக்கிறாள்.

ஆமென் என்றான். அடிவயிற்றிலிருந்துதான் சொன்னான்.

ஆனால் பெட்டிக்கடை வரைக்கும் கேட்டது அது இல்லை.