பொந்து வாசலில் ஓர் ஆய்வு

பல்கலைக்கழகப் பொருளாதார ஆராய்ச்சி நிலையத்துப் பூனைக்கு ஒரே குழப்பம். சந்தையில் தானியம் இவ்வளவு மலிவாகக் கிடைத்தும் எலிகள் ஏன் வாங்க வருவதில்லை? ஒரு வாரமாகப் பொந்து வாசலிலேயே உட்கார்ந்து விசாரித்தது.

"வருமானம் போதவில்லையா? விலை கட்டுப்படியாகவில்லையா? ருசி மாறிவிட்டதா?"

உள்ளிருந்து தாய் எலி சொன்னது: "அதெல்லாம் இல்லீங்கய்யா. குட்டிங்க பசியில கத்துதுங்க. நீங்க கொஞ்சம் எழுந்து போனீங்கன்னா இப்பவே சந்தைக்குக் கிளம்பிடுவேன்."

பூனை தன் மூன்று காரணங்களையும் மறுபடி யோசித்துப் பார்த்தது. இந்தப் பதில் எதிலும் அடங்கவில்லை. பசி மயக்கத்தில் ஏதோ உளறுகிறது என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டது.

அன்றே பேராசிரியருக்கு எழுதியது: "காரணம் இன்னும் பிடிபடவில்லை. இதே வாசலில், இன்னும் கொஞ்சம் கிட்டே உட்கார்ந்து பார்க்க மேலும் மூன்று ஆண்டு நிதி வேண்டும்."